வரப்போடு நிற்காத கணக்கு

காவிரி டெல்டாவில் விவசாயி யாரிடமாவது, ‘இதே மாதிரி விவசாயம் இன்னும் முப்பது வருஷம் ஓடுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சகவ்யம் தெளிப்பவர், ‘என் வயல் தாங்கும்’ என்பார். டிஏபி போடுபவரும் அதையேதான் சொல்வார். வரப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, ‘அவர் பண்றதுதான் தாங்காது’ என்று சேர்த்துக்கொள்வதிலும் இருவருக்கும் வேறுபாடு இருக்காது.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு படியை வைத்துக்கொண்டு அளக்கிறார்கள். நம் வேளாண் விவாதங்களோ உரமூட்டையைச் சுற்றியே நடக்கின்றன: ரசாயனம் போட்டவர் மண்ணைக் கெடுத்தவர், போடாதவர் மண்ணைக் காத்தவர். 2023இல் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. 2024 நவம்பரில் மத்திய அரசு 2,481 கோடி ரூபாய் மதிப்பில் இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. இரண்டுமே வரவேற்க வேண்டியவை. ஆனால், ஒரு வயல் அடுத்த தலைமுறைவரை நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் பல விஷயங்கள் வரப்புக்கு வெளியே கிடக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால், இந்த இரண்டு தரப்பு விவசாயிகளும் ஒரே குரலில்தான் பேசுகிறார்கள்.

கடன் அடைவதே நிலைப்பது

ரசாயன விவசாயி என்று நாம் சுலபமாகப் பெயர் வைத்துவிடுகிற மனிதரின் கணக்கை முதலில் பார்ப்போம். 1960-61இல் நாட்டில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கப்பட்ட முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27, பிறகு ஐஆர் 8 என்று அதிக விளைச்சல் ரகங்கள் வந்ததும், விதையும் உரமும் மருந்தும் ஒரு தொகுப்பாக வீடு தேடி வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். நாட்டில் அரிசிப் பஞ்சம் இருந்த காலம் அது. அதிகம் விளைவிப்பதுதான் நல்ல விவசாயம் என்று அவருடைய அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது அரசாங்கம். அவர் அந்தப் பாடத்தைத் தவறாமல் படித்தவர்.

அவரைப் பொறுத்தவரை நிலைப்பது என்றால், கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த நகை அறுவடை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புவது. அடுத்த குறுவைக்கு விதைநெல் வாங்கக் கையில் காசு இருப்பது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, நிலத்தில் ஒரு மாவைக்கூட விற்காமல் இருப்பது. சிஆர் 1009 ரகம் நல்ல வருஷத்தில் ஏக்கருக்கு அறுபது கிலோ மூட்டையில் முப்பத்தைந்தைத் தொடும். அதில் பத்து மூட்டை குறைந்தால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். விளைச்சல் குறையும் எந்த மாற்றத்தையும் அவர் ஆபத்தாகப் பார்ப்பதற்கு இதுதான் காரணம். பேராசை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

மண்ணைப் பற்றிய அக்கறை இல்லாதவர் என்றும் அவரைச் சொல்ல முடியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துபவர்களைப் பார்த்திருக்கலாம். பச்சையின் பல சாயல்கள் வரிசையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டை அது. காலை வெயில் ஏறுவதற்குள் வயலில் இறங்கி, தன் உடம்பின் நிழலிலேயே அட்டையைப் பிடித்து, நன்கு விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அதன்மீது வைத்துப் பத்து இடத்தில் பார்க்க வேண்டும். பத்தில் ஆறு இலையாவது குறிப்பிட்ட பச்சைக்குக் கீழே வெளுத்திருந்தால்தான் யூரியா. இல்லையென்றால் மூட்டையைப் பிரிக்க வேண்டியதில்லை. அதுபோலத்தான் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. ஓட்டை போட்ட ஒரு குழாயை வயலில் பாதிவரை புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே அரையடி இறங்கிய பிறகே மடையைத் திறப்பார்கள். தண்ணீரும் மிஞ்சும், தேங்கிய வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும். இப்படிச் செய்பவர் ரசாயன விவசாயிதான். தன் வயல் தாங்கும் என்று அவர் நம்புவதில் நியாயம் இருக்கிறது.

மண் உயிரோடு இருந்தால் போதும்

இயற்கை விவசாயியின் படி வேறு. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலையை உதறிவிட்டு வந்த கோ.நம்மாழ்வார் (1938–2013), கரூர் மாவட்டம் கடவூரில் வானகத்தை உருவாக்கி, ஊர் ஊராக நடந்து சொன்னதன் சாரம் ஒன்றுதான்: விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் கடைவாசலில் நிற்கிறவரை விவசாயி விவசாயியாக இருக்க முடியாது. திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்திலிருந்து நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டு, நெல் திருவிழாக்கள் நடத்தி விதைகளைப் பரப்பினார். 2018இல் அவர் மறைந்துவிட்டார். மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் தூயமல்லியும் இன்று சென்னை அங்காடிகளில் கிடைப்பதில் அவருடைய உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இவர்கள் வழிவந்த விவசாயிக்கு நிலைப்பது என்றால், உழும்போது மண்புழு தென்படுவது. வயலில் சிலந்தியும் தட்டானும் தவளையும் இருப்பது. அடுத்த பருவத்துக்கான விதை வீட்டு விதைக்கோட்டையிலேயே இருப்பது. விளைவதைத் தன் பேரக்குழந்தைக்குத் தயங்காமல் ஊட்ட முடிவது. மூட்டை எண்ணிக்கை அவருக்கு இரண்டாம்பட்சம். கடைக்கடன் இல்லாததால் விளைச்சல் குறைந்தாலும் தன்னால் சமாளிக்க முடியும் என்கிறார். வெள்ளத்திலும் வறட்சியிலும் தலைநிமிர்கிற ரகங்கள் கைவசம் இருப்பதைப் பாதுகாப்பாகக் கருதுகிறார். இதிலும் பொய் இல்லை.

இரு தரப்பும் பார்க்காதவை

ஆனால், அவரவர் படியில் அளக்க முடியாதவை சில இருக்கின்றன. 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய்க்குக் கிடைக்கிறது; பொட்டாஷ் மூட்டையோ ஆயிரத்து ஐநூறைத் தாண்டும். 2010இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே வைத்ததன் விளைவு இது. மலிவானதை அள்ளிப் போடுவது மனித இயல்பு. பயிர் கரும்பச்சையாக நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். புகையான் பூச்சி வந்து உட்காரும். அதற்கு மருந்தடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தி முதலில் சாகும்; அடுத்த தடவை புகையான் இன்னும் கூடுதலாக வரும். இந்த ஆண்டு வரவு செலவில் லாபம் காட்டுகிற வயல், மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் அரை சதவீதத்துக்குக் கீழே, ‘குறைவு’ என்ற கட்டத்தில் நிற்கலாம். விவசாயிக்கே இது தெரியாமல் இல்லை. விற்பனைக்கு ஒரு வேலி நிலத்தில் மருந்தடித்துவிட்டு, வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு மாவில் மட்டும் மருந்தில்லாமல் சீரகச் சம்பா போடுகிறவர்கள் டெல்டாவில் கணிசம். அந்த ஒரு மாவைவிடத் தெளிவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

இயற்கை விவசாயியின் பக்கமும் கேள்விகள் இருக்கின்றன. 2012இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஒப்பாய்வு, இயற்கை முறையில் விளைச்சல் பயிரையும் சூழலையும் பொறுத்து 5 முதல் 34 சதவீதம் வரை குறைவதாகக் கண்டது. நம் ஊரில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது: இயற்கை விவசாயம் என்றாலே பாரம்பரிய ரகம் என்று ஆகிவிட்டது. 160 நாள் மாப்பிள்ளைச் சம்பாவின் விளைச்சலைக் குட்டை ரகத்தோடு ஒப்பிட்டு, ‘ரசாயனம் இல்லாவிட்டால் பாதிதான் விளையும்’ என்று முடிவுகட்டுகிறோம். அந்த இடைவெளியில் ஒரு பங்கு ரகத்துக்குரியது, உரத்துக்குரியது அல்ல. தொழு உரத்தையும் தக்கைப்பூண்டையும் வைத்துப் புதிய ரகங்களை நட்டு நல்ல விளைச்சல் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

தக்கைப்பூண்டுக்கும் ஒரு விலை உண்டு. நடவுக்கு முன் விதைத்து, சுமார் 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். குறுவைக்கு அதைச் செய்வதென்றால் சித்திரை, வைகாசியில் தண்ணீர் வேண்டும். மேட்டூர் அணை திறக்காத மாதங்கள் அவை. ஆகவே, ஆழ்துளைக் கிணறு உள்ளவருக்குத்தான் அது கைகூடும். பச்சைத் தழையை மடக்கிய வயலில் தொடர்ந்து தண்ணீரைத் தேக்கினால் மீத்தேனும் கூடுதலாக வெளியேறும். சாணத்துக்கு மாடு வேண்டும். மாடு குறைந்துவிட்ட ஊரில் எருவும் விலைக்குத்தான் வருகிறது. ‘பென்ஷன் வாங்குகிறவரும், மகன் வெளிநாட்டில் இருக்கிறவரும்தான் இயற்கை விவசாயம் பண்ண முடியும்’ என்று பக்கத்து வயல்காரர் சொல்வது முழு உண்மை இல்லை. முழுப் பொய்யும் இல்லை.

வரப்பு தடுக்காதவை

‘என் வயல்’ என்று இருவரும் அழுத்திச் சொல்கிறார்கள். டெல்டாவில் வயல் அப்படித் தனியாக நிற்பதில்லை. வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் ஊர் இது. மேல் வயலில் தூவிய யூரியாவும் அடித்த களைக்கொல்லியும் மடை வழியாகக் கீழ் வயலுக்கு வந்துவிடும். தடுப்பு வரப்பை உயர்த்தி, ஓரத்தில் இடைவெளி விட்டு, சான்றிதழுக்காகக் காத்திருக்கும் இயற்கை விவசாயிக்கு அந்தத் தண்ணீரை நிறுத்தவும் முடியாது, விடவும் முடியாது. மறுபக்கம், கீழ் வயலில் மருந்தடிக்காததால் பெருகிய சிலந்தி மேல் வயலின் புகையானையும் சேர்த்துத் தின்கிறது. அதற்காக மேல் வயல்காரர் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

வைக்கோலை எடுத்துக்கொள்வோம். நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. முன்பு அது மாட்டுக்குப் போய், எருவாகி, வயலுக்கே திரும்பியது. இப்போது இயந்திர அறுவடை முடிந்த கையோடு இன்னொரு இயந்திரம் வந்து வைக்கோலைக் கட்டுக் கட்டாக உருட்டிவிடுகிறது. லாரி ஏறி வெளி மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் போகிறது. இயற்கை விவசாயியும் விற்கிறார், ரசாயன விவசாயியும் விற்கிறார். இருவரின் மண்ணும் ஒரே லாரியில் ஏறிப் போகிறது.

தாளடிக்குப் பின் வரும் உளுந்தும் பயறும் அப்படித்தான். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் தை, மாசிப் பனியிலும் அது விளைந்துவிடும். உழவு இல்லை, உரம் இல்லை, தண்ணீர் இல்லை. மண்ணுக்கோ தழைச்சத்து கிடைக்கும். இதைவிடச் சிக்கனமான சாகுபடி வேறு கிடையாது. ஆள் கொண்டு அறுத்தவரை அது நடந்தது. கனமான அறுவடை இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் வயலில் ஏறியபோது, முளைத்து வந்த உளுந்து நசுங்கிப் போனது. இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல ஆளும் இல்லை: களை பறிக்கவும் கதிர் அறுக்கவும் உள்ளூரில் கை கிடைக்காமல், நடவுக்கே மேற்கு வங்கத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். எந்த உரம் போட்டாலும் இந்தப் பிரச்சினை தீராது.

கோடையில் கீதாரிகள் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிவந்து கிடை போடுகிறார்கள். கிடைக்கு ஆள் சொல்லி வைப்பதில் ரசாயன விவசாயியும் போட்டி போடுகிறார். இரவு முழுக்க ஆடு அடைந்த வயலின் பயிர் எப்படி எழும்பும் என்பது அவருக்கு அப்பா காலத்திலிருந்தே தெரியும். இரு முகாம்கள் என்று நாம் வரைந்த கோடு கிடைக்குள் வந்ததும் அழிந்துவிடுகிறது.

தண்ணீர் விஷயத்தில் கோடே கிடையாது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில் குறுவையை இழந்தவர்களில் இரு தரப்பினரும் உண்டு.

நிலம் நிலைக்காமல் மண் நிலைக்காது

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. மண்ணில் போட்ட உழைப்பின் பலன் கைக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அங்ககச் சான்றுக்கே நெல் போன்ற பருவப் பயிருக்கு இரண்டு ஆண்டு மாற்றுக் காலம் உண்டு. அந்த இரண்டு ஆண்டும் விளைச்சல் குறையும், விலையும் கூடாது. அடுத்த ஆண்டு இதே நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் அந்த நஷ்டத்தை ஏன் ஏற்க வேண்டும்?

டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் நகரத்தில் குடியேறிவிட்டவர்களின் நிலமும் ஏராளம். அவற்றில் பெரும்பகுதி குத்தகையில் நடக்கிறது. தனியார் நிலங்களில் வாய்ப்பேச்சுக் குத்தகையே வழக்கம். சாகுபடி செய்யும் குத்தகைதாரரைப் பாதுகாக்க 1955இலேயே இங்கே சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் இன்னொரு சட்டம் வந்தது. ஆனால், பதிந்துவிட்டால் நிலம் திரும்ப வராது என்று உரிமையாளர் அஞ்சுகிறார். பதிவு கேட்டால் நிலமே கிடைக்காது என்று குத்தகைதாரர் அஞ்சுகிறார். பிஎம் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் பட்டா வைத்திருப்பவருக்கே போகிறது. சேற்றில் நிற்பவருக்கு இல்லை.

ஒரு பருவத்துக்கு நிலம் பிடித்தவர், அந்தப் பருவத்திலேயே பலன் தரும் உரத்தைத்தான் போடுவார். அவரிடம் போய் மண்புழுவின் மகிமையைப் பேசுவது அவரை அவமதிப்பதாகும். இயற்கை விவசாயம் பெரும்பாலும் சொந்த நிலம் உள்ளவர்களிடமே வேரூன்றியதற்குக் கொள்கைப் பிடிப்பு மட்டும் காரணமல்ல. பட்டாவும் ஒரு காரணம்.

கொள்முதல் நிலையத்தின் கண்கள்

சந்தைக்கு வருவோம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய். மாநில அரசு அதற்கு மேல் ஊக்கத்தொகை தருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, பதர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்த நெல் எப்படி விளைந்தது என்று கேட்க அங்கே ஆளுமில்லை, படிவமுமில்லை. மருந்தடிக்காமல் விளைவித்த நெல்லும் அதே குவியலில்தான் சேர வேண்டும்.

ஆகவே, இயற்கை விவசாயி தானே வியாபாரியாகவும் ஆக வேண்டியிருக்கிறது: நெல்லை அரைத்து, பைகளில் அடைத்து, வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்து, கூரியரில் அனுப்பி, பணத்துக்காகக் காத்திருக்கிறார். ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் உறுதி கூறிச் சான்று பெறும் பங்கேற்பு முறை வந்தது ஓரளவு ஆறுதல். விற்கத் தெரிந்தவர் நிற்கிறார். விளைவிக்க மட்டுமே தெரிந்தவர் மூன்றாம் வருஷம் யூரியாவுக்குத் திரும்புகிறார். அவரைக் கொள்கை தவறியவர் என்று சொல்லும் உரிமை, கடையில் விலையைக் கேட்டுவிட்டு அரிசிப் பையைத் திரும்ப வைக்கும் நமக்கு இல்லை.

ஒரே ஆணையில் மாறாது

உரத்தை மட்டும் பார்த்துக் கொள்கை வகுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடை செய்தது. மாற்று எருவுக்கு ஏற்பாடில்லை, பயிற்சியில்லை, மாற்றுக் காலமில்லை. கிளிநொச்சி, மட்டக்களப்புத் தமிழ் விவசாயிகள் உள்பட நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பி, நவம்பரில் தடையை விலக்க நேர்ந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது. அதில் நட்டப்பட்டது விவசாயி மட்டுமல்ல. இயற்கை விவசாயத்தின் நல்ல பெயரும்தான்.

இன்னொரு பாடம் கோவையில் இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1909 முதல் நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று நடந்துவருகிறது. நாட்டின் பல இடங்களில் நடக்கும் நீண்ட காலச் சோதனைகளும் ஏறக்குறைய ஒரே முடிவைத்தான் சொல்கின்றன: தழைச்சத்தை மட்டும் போட்ட துண்டுகள் காலப்போக்கில் பின்தங்கின, தொழு உரத்தோடு அளவான ரசாயன உரமும் சேர்ந்த துண்டுகள் விளைச்சலிலும் மண்வளத்திலும் முன்னே நிற்கின்றன. இரு முகாமுக்கும் இது முழுத் திருப்தி தராது. ஆனால், நடுவில் நடக்க அகலமான வரப்பு இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. யூரியாவைப் பாதியாகக் குறைத்துக் கிடை போடுகிறவரும் அந்த வரப்பில்தான் நடக்கிறார். நம் திட்டங்களில் அவருக்குப் பெரும்பாலும் பெயரில்லை. முழுமையாக மாறினால் மானியம் உண்டு. பாதி மாறியவருக்குப் பெரிதாக எதுவும் இல்லை.

என்ன செய்ய வேண்டும்? முதலாவதாக, குத்தகை. உரிமையாளரின் பட்டாவுக்குப் பங்கம் வராதபடி, ஐந்தாண்டு எழுத்துக் குத்தகைக்குச் சட்டப் பாதுகாப்பு தர வேண்டும். கோயில், மடத்து நிலங்களிலிருந்தே இதை அரசு தொடங்கலாம். இரண்டாவதாக, மண்ணின் கரிமம் உயர்ந்தால் ஊக்கத்தொகை: எந்த முறையில் உயர்த்தினார் என்று கேட்கக் கூடாது, மண் பரிசோதனை அட்டை பேசட்டும். மூன்றாவதாக, மாவட்டத்துக்குச் சில கொள்முதல் நிலையங்களிலாவது சான்று பெற்ற நெல்லுக்குத் தனிக் குவியல், தனி விலை. அந்த அரிசி சத்துணவுக் கூடங்களுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் போகட்டும். நான்காவதாக, உளுந்தை நசுக்காத இலகுவான அறுவடை இயந்திரங்களை வேளாண் பொறியியல் துறை வாடகைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த நான்கிலும் பஞ்சகவ்யக்காரருக்கும் டிஏபிக்காரருக்கும் சண்டையே கிடையாது. இவற்றைச் செய்து முடித்துவிட்டு, வயலில் எந்த உரம் போடுவது என்பதை அவர்களிடமே விட்டுவிடலாம். அது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.